கொடியைக் கொடுக்கும் முன் கற்றுக்கொடுங்கள்

சாலைப் பணி எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும், தளத்தில் நிற்கும் பொறியாளர்களுக்கும், ஆள் பிரித்துவிடும் மேஸ்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்



காலையில் சைட்டில் ஆள் பிரிக்கும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பேவர் ஓட்டுபவர், ரோலர் ஓட்டுபவர், தார்க் கலவையை இழுத்துச் சமன் செய்யக் கை பழகியவர்கள் என்று முதலில் பெயர் சொல்லி எடுத்துவிடுவீர்கள். கடைசியில் யாராவது மிஞ்சுவார்கள். முதுகு வலிக்காரர், கண் மங்கிய பெரியவர், நேற்று ரயிலில் வந்திறங்கிய பையன், கைக்குழந்தையோடு வந்த சித்தாள் என்று அது யாராகவும் இருக்கும். அவர் கையில் சிவப்புத் துணி போகும். "அங்க போய் நில்லு, வண்டி வந்தா ஆட்டு." இதுதான் அவருக்குக் கிடைக்கும் மொத்தப் பயிற்சி.

சாலைத் தளங்களில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன் நான். அந்தக் கட்டளையை நிறுத்திவிட்டு, கொடி பிடிப்பதை ஒரு தொழிலாக நடத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை வினாடி ஆகும் என்பது நம் சாலை வடிவமைப்பின் கணக்கு. அதற்குள்ளாகவே 55 மீட்டர் போய்விடும். வண்டி முழுதாக நிற்க 120 மீட்டர் வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸ். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர். விழித்திருக்கிற, சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஓட்டுநருக்கான அளவு இது. கைப்பேசியில் பேசிக்கொண்டு வருபவருக்கும், அளவுக்கு மீறி மணல் ஏற்றிய டிப்பருக்கும் இது போதாது. பேவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் கொடி ஆட்டினால், அதைப் பார்த்து ஓட்டுநர் எதுவும் செய்ய முடியாது. முதலில் அடிபடுபவர் அந்தக் கொடிக்காரர்தான். அவருக்குப் பின்னால், குனிந்து வேலை பார்க்கும் உங்கள் ஆட்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் 112ஆம் பிரிவு முழுக்க, வேலை நடக்கும்போது போக்குவரத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதுதான். பாதை மாறத் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை, அதற்கு 120 மீட்டர் முன்னால் இன்னொன்று, குறைந்தது இந்த இரண்டு பலகைகளாவது இருக்க வேண்டும் என்கிறது. கொடி பிடிப்பவருக்குச் சிவப்பு, பச்சை என இரண்டு கொடிகளும், இரவுக்கு விளக்கும் தர வேண்டும் என்கிறது. சாலைக் காங்கிரஸ் 2014இல் திருத்தி வெளியிட்ட ஐஆர்சி எஸ்பி 55 கையேடு, வேலையிடத்தை முன்னெச்சரிக்கைப் பகுதி, பாதை மாறும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது எங்கே நிற்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிறது. டெண்டர் எடுத்த எல்லோர் அலுவலகத்திலும் இந்தக் கையேடு இருக்கிறது. கொடி பிடிப்பவர் அதைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஏன் இப்படி என்பதும் எனக்குத் தெரியும். அதே 112ஆம் பிரிவு, தற்காலிக மாற்றுப்பாதை போடுவதை மீட்டர் கணக்கில் அளந்து பணம் தருகிறது. மற்ற போக்குவரத்து ஏற்பாடுகளை எல்லாம் வேலையோடு சேர்ந்த செலவு, ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறது. தாருக்கு பில் உண்டு, ஜல்லிக்கு பில் உண்டு. கொடி பிடிப்பவருக்கு பில்லில் தனி வரி கிடையாது. தனி வரி இல்லாத செலவு முதலில் வெட்டுப்படும். இந்தக் குறையை மாற்ற வேண்டியது டெண்டர் தயாரிக்கும் துறை. பயிற்சி பெற்ற ஆள், பதிலாள், வாக்கி-டாக்கி எல்லாவற்றையும் தனி இனமாகக் காட்டினால் ஒப்பந்ததாரர்களும் விலை போடுவார்கள். அதுவரை நீங்கள் சும்மா இருக்கவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவைப் படித்திருப்பீர்கள். சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றின் தரநிலைகளைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு அது பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் பெயர் சொல்லிவிட்டது.

2022ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். அமைச்சகத்தின் ஆண்டறிக்கை, வேலை நடந்துகொண்டிருக்கும் சாலைகளில் நேரும் விபத்துகளைத் தனி வகையாகவே பிரித்து எழுதுகிறது. இருக்கும் ஆபத்து போதாதென்று நம் வேலையிடங்கள் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டாம்.

ரயில்வேயைப் பாருங்கள். தண்டவாளத்தில் ஓரிடத்தில் வேலை என்றால் 600 மீட்டரில் குறுக்கே பதாகைக் கொடி கட்டுவார்கள். அகல ரயில் பாதையில் 1,200 மீட்டரில் எச்சரிக்கை வெடிகளான டெட்டனேட்டர்கள் வைப்பார்கள். அந்தக் கொடியைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கேட் கீப்பருக்குக் கண் பரிசோதனை உண்டு, தகுதிச் சான்று உண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபயிற்சி உண்டு. கேட்டை மூடியதும் ஸ்டேஷன் மாஸ்டரோடு ரகசிய எண் பரிமாறிக்கொள்வார். "மூடிவிட்டேன்" என்ற வாய்ச்சொல் போதாது என்று ரயில்வே பல விபத்துகளில் கற்றுக்கொண்டது. சாலையில் நிற்பவர் செய்வதும் அதே வேலைதான். தண்டவாளம் இல்லாததால், வண்டி எந்தப் பக்கமும் திரும்பும் என்ற கூடுதல் ஆபத்தும் அவருக்கு உண்டு.

அவருக்கு என்ன கற்றுத்தர வேண்டும் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது.

எந்தத் தளத்துக்குப் போனாலும் என் கண்ணில் முதலில் படும் பிழை ஒன்று உண்டு. சிவப்புக் கொடியை ஆட்டியே வண்டியை "வா, வா" என்று கூப்பிடுவார்கள். நிற்கச் சொல்லவும் அதே கொடி, போகச் சொல்லவும் அதே கொடி. தொலைவிலிருந்து பார்க்கும் ஓட்டுநருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தனக்குச் சாதகமான அர்த்தத்தை அவர் எடுத்துக்கொள்வார். சரியான முறை எளிது. நிறுத்த வேண்டுமானால் கொடியைப் பாதைக்குக் குறுக்கே கை நீட்டி அசையாமல் பிடித்து, மறு உள்ளங்கையை ஓட்டுநர் முகத்துக்கு நேராகத் தூக்க வேண்டும். போகச் சொல்ல வேண்டுமானால் சிவப்புக் கொடியைக் கீழே இறக்கி உடம்போடு ஒட்டிவிட்டு, பச்சைக் கொடியாலோ வெறுங்கையாலோ காட்ட வேண்டும். சிவப்பு அசையலாம் என்றால் அது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்: வேகத்தைக் குறைக்கச் சொல்லி, தோள் உயரத்திலிருந்து கீழ்நோக்கி மெதுவாக. இதை ஒரு மணி நேரத்தில் யாருக்கும் பழக்கிவிடலாம். பழக்காமல் விட்டால் பத்து வருடம் கொடி பிடித்தவரும் தப்பாகவே ஆட்டிக்கொண்டிருப்பார். துணியும் கிழிசல் புடவைத் துண்டாக இருக்கக் கூடாது. பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள சிவப்புக் கொடி, ஒரு மீட்டர் கம்பு. இல்லையென்றால் ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாக' என்று எழுதிய ஒளிரும் கைப்பலகை. பலகையே மேல் என்பது என் கருத்து. காற்றில் சுருளாது, குழப்பத்துக்கும் இடம் தராது.

அடுத்தது நிற்கும் இடம். சாலை ஓரத்தில், வருகிற வண்டியைப் பார்த்தபடி, தனியாக நிற்க வேண்டும். முதல் வண்டி நின்ற பிறகுதான் நடுக்கோட்டை நோக்கி நகரலாம். பின்னால் வருபவர்கள் பார்ப்பதற்காக. புளிய மர நிழல் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயிலிலிருந்து வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு அந்த நிழலில் நிற்பவர் தெரிய மாட்டார். மாலையில் மேற்கு நோக்கி வரும் ஓட்டுநருக்குச் சூரிய ஒளியில் கண் கூசும். அந்த நேரத்தில் இன்னும் முன்னால் போய் நிற்க வேண்டும். சக ஆட்கள் பேச்சுத்துணைக்கு வந்து சூழ்ந்தால் கூட்டத்தில் அவர் மறைந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி நிற்காமல் வந்தால் எந்தப் பக்கம் பாய்வது என்பதை அந்த இடத்தில் கால் வைத்த உடனே முடிவு செய்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் டிப்பரோ, தோண்டிய பள்ளமோ, கான்கிரீட் தடுப்போ இருந்தால் அது நிற்கத் தகுந்த இடமே அல்ல. பாயும்போது விசில் ஊத வேண்டும். அந்த நீண்ட விசிலுக்கு என்ன அர்த்தம் என்று பேவரைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இனி வரிசையின் வால். நம் தளங்களில் அநேகமாக யாருமே கவனிக்காதது இது. நீங்கள் 120 மீட்டரில் பலகை வைத்துவிட்டீர்கள், சரி. பத்து லாரிகளை நிறுத்தியதும் வரிசையே அந்தத் தூரத்தை விழுங்கிவிடும். இப்போது உங்கள் பலகை, நிற்கும் லாரிக்குப் பக்கத்தில், யாரையும் எச்சரிக்காமல் நின்றுகொண்டிருக்கிறது. புதிதாக வேகத்தில் வரும் வண்டிக்கு முதல் எச்சரிக்கையே கடைசி லாரியின் பின்பக்கம்தான். வளைவுக்குப் பின்னாலோ மேம்பால ஏற்றத்துக்கு அப்பாலோ வால் போய் நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் இரண்டாவது ஆள் வேண்டும். வால் நீள நீள அவர் பின்னோக்கி நடந்துகொண்டே இருக்க வேண்டும். வரிசையைக் குறுக்க எதிர்முனையை எப்போது மூடச் சொல்வது என்ற முடிவும் அவரிடமிருந்தே வர வேண்டும்.

இருவழிச் சாலையில் ஒரு பாதியில் தார் போட்டு, மறுபாதியில் மாற்றி மாற்றி விடுகிறீர்களே, அங்கேதான் கொடிக்காரரின் திறமை முழுதாகத் தெரியும். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர்; நடுவில் அரை கிலோமீட்டர்; ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இங்கிருப்பவர் கடைசி வண்டியை விட்டாயிற்று என்று நினைத்துத் தகவல் சொல்கிறார். அதற்குள் ஒரு பைக்காரர் மண் திட்டில் ஏறி உள்ளே நுழைந்துவிடுகிறார். அங்கிருந்து பேருந்து கிளம்பிவிட்டது. ஒரு பக்கம் 150 டிகிரிச் சூட்டில் கொட்டிய கலவை, ரோலர்; மறுபக்கம் வெட்டிய ஓரம். பைக்காரர் எங்கே ஒதுங்குவார்?

இதற்கு இரண்டு வழிகள் பழக்கத்தில் உண்டு. கடைசியாக விடும் வண்டியின் ஓட்டுநரிடம் ஒரு கம்பையோ கொடியையோ கொடுத்து, எதிர்முனையில் கொடுக்கச் சொல்வது ஒன்று. கம்பு கைக்கு வராமல் அங்கே வழி திறக்கக் கூடாது. வாக்கி-டாக்கி இருந்தால், "கடைசி வண்டி வெள்ளை டாடா ஏஸ்" என்று வண்டியின் நிறமும் வகையும் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் சொல்லி, எதிர்முனைக்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதுதான் முக்கியம். "சரி சரி" என்ற பதிலை ஏற்கக் கூடாது. செல்போனை மட்டும் நம்பி இந்த வேலையை நடத்தாதீர்கள். சிக்னல் போகும், சார்ஜ் போகும், நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

108 வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். சைரன் கேட்டதும் எதிர்முனையை மூடச் சொல்லி, உள்ளே இருப்பவை வெளியே வந்ததை உறுதி செய்து, தேவையானால் ரோலரை ஒதுக்கி வழிவிட வேண்டும். அந்த நிமிடத்தில் யாரைக் கேட்பது என்று அவர் திகைத்து நிற்கக் கூடாது. ரோலரை ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தை அவருக்கு நீங்கள் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். ரோலர் ஓட்டுநர், "நீ யாரு சொல்றதுக்கு?" என்று கேட்கிற தளத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

வசவைச் சமாளிப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. கொடிக்காரருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஒருவர் மீறிப் போனால் குறுக்கே விழுந்து தடுப்பதோ, துரத்திப் போய்ச் சண்டை போடுவதோ அவர் வேலை இல்லை. விசில் ஊதி ஆட்களை எச்சரித்துவிட்டு, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்க வேண்டும். நம் தளங்களில் இந்த வேலைக்கு நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்கள் மொழியில் பயிற்சி கொடுங்கள். கூடவே நான்கைந்து தமிழ் வாக்கியங்களையும் கற்றுக்கொடுங்கள். "அண்ணா, கொஞ்சம் பொறுங்க, அஞ்சு நிமிஷம்." இதை ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னதும் ஹாரனிலிருந்து கையை எடுத்த ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள். தெரியாமல் நிற்கும்போதுதான் மண்ணில் இறங்கிப் புகுந்து போகப் பார்க்கிறார்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில், சூடான தார்ச் சாலையில், எட்டு மணி நேரம் ஒரே ஆளை நிறுத்தினால் மதியத்துக்கு மேல் அவர் கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பதிலாள் வந்து கொடியை வாங்கும் வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் போட்டுவிட்டுப் பதிலாளைப் போடாமல் இருப்பது கொடுமை. சிறுநீர் கழிக்கக்கூடப் போக முடியாமல், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். தளத்தின் இரு முனையிலும் தண்ணீர், நடந்து போகும் தூரத்தில் கழிப்பறை, நிற்கும் இடத்துக்கு அருகில் நிழல். ஒளிரும் சட்டை சுத்தமாகவும் இருக்க வேண்டும். தாரும் தூசியும் படிந்து கறுத்த சட்டை இரவில் ஒளிராது.

இவ்வளவையும் சொல்லித்தர இரண்டு நாள் போதும். முதல் நாள் நிழலில், படங்களோடும் கொடியோடும். அதற்கு முன் கண் பரிசோதனை; சிவப்பு, பச்சை பிரித்தறியாதவரை இந்த வேலைக்கு வைக்கவே கூடாது. இரண்டாம் நாள் போக்குவரத்து இல்லாத சர்வீஸ் ரோட்டில், உங்கள் டிப்பர்களையே ஓட்டிவரச் சொல்லி. பிறகு ஒரு வாரம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழக வேண்டும். அதன் பின் தேர்வு வைத்து, தேறியவருக்கு அட்டை கொடுங்கள். அட்டை பெற்றவருக்குக் கூலியை உயர்த்துங்கள். சித்தாள் கூலிக்கு நிற்பவர், அடுத்த வேலை கிடைத்ததும் கொடியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இது நிறையப் பேர் நம்பி வாழும் ஒரு தொழில். அங்கே கட்டுமானத் தளத்தில் கால் வைக்கவே ஒரு பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். 'நில், மெதுவாக' என்ற கைப்பலகையைப் பிடிக்கத் தனிப் பயிற்சி உண்டு. அதற்கென்றே தேசிய அளவில் வகுத்த பாடப்பிரிவு இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வகுப்பும் தளத்தில் நேரடி மதிப்பீடும் முடித்தால்தான் அட்டை. மூன்று ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். கைப்பலகை பிடிப்பவர் அதிலேயே நின்றுவிடுவதும் இல்லை. அடுத்த பயிற்சி முடித்தால் போக்குவரத்துத் திட்டத்தைத் தளத்தில் அமைப்பவர் ஆகலாம். அதற்கு மேல், அந்தத் திட்டத்தை வரைபவரும் ஆகலாம். ஆண்களும் பெண்களும் அதில் குடும்பம் நடத்துகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் கொடி பிடிப்பவரின் அட்டைக்கு மூன்று ஆண்டுகள்தான் ஆயுள்.

அவர்களுக்குப் பணம் இருக்கிறது என்பீர்கள். நம்மிடமும் ஒரு வழி இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக நீங்கள்தான் கட்டுகிறீர்கள். கொடி பிடிப்பவரும் கட்டுமானத் தொழிலாளிதான். அவரை நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். வாரியம் நடத்தும் திறன் பயிற்சிகளில் இதையும் சேர்க்கச் சொல்லி உங்கள் சங்கங்கள் மூலம் கேளுங்கள். தொழிலாளர் கேட்டால் காத்திருக்கச் சொல்லும் அலுவலகம், ஒப்பந்ததாரர் சங்கம் கேட்டால் கடிதத்தைத் திறந்து பார்க்கும். விழுப்புரம்–நாகப்பட்டினம் போன்ற நீண்ட நான்குவழிப் பணிகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. ஒரே பணியிலேயே ஒருவர் கற்று, தேர்ந்து, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அவற்றில் காலம் இருக்கிறது.

வாரியமும் துறையும் நகரும்போது நகரட்டும். உங்களால் நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பேவரைக் கிளப்பும் முன், கொடி பிடிக்கப் போகிறவரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டி நிற்காமல் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீங்க? கடைசி வண்டி போயிடுச்சுன்னு அந்த முனைக்கு எப்படிச் சொல்வீங்க? உங்களை மாத்தி விட யார், எத்தனை மணிக்கு வருவாங்க? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அரை மணி நேரம் இயந்திரத்தை நிறுத்திவைத்து, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.